ஆற்றின் மேல்முனைக்குப் போன அணி: பாட்டக்கெட் ரெட் சாக்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரம் ஒரு செய்தியை அறிவித்தது. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரில் அரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த பேஸ்பால் அணி, 2021 முதல் தங்கள் ஊரில் ஆடும் என்பதுதான் அந்தச் செய்தி. பாட்டக்கெட்டிலிருந்து வூஸ்டருக்குக் காரில் ஒரு மணி நேரம் போதும். பிளாக்ஸ்டோன் ஆறு வூஸ்டரில் தொடங்கிப் பாட்டக்கெட் அருவியில் வந்து விழுகிறது. அணி அந்த ஆற்றின் மேல்முனைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் விளையாட்டு அணிகள் ஊர் மாறுவது புதிதல்ல. வழக்கமாக அதற்கு ஒரே வரியில் காரணம் சொல்லிவிடலாம்: கூட்டம் வரவில்லை, முதலாளி பேராசைக்காரர், நகரம் திவாலாகிவிட்டது. பாட்டக்கெட் விவகாரம் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. பல ஆண்டுகள் கூட்டம் குவிந்த அணி அது. முதலாளியை ஊரே கொண்டாடியது. கடைசி ஆண்டுகளில் நகரமும் மாநில மேலவையும் பணம் தர முன்வந்தன. அப்படியும் அணி போனது. ஏன் போனது என்பதைத் தேடினால், 2018-இல் நடந்த பேரத்தைவிட அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில்தான் விடை இருக்கிறது என்பது என் முடிவு.

சதுப்பில் எழுந்த மைதானம்

பாட்டக்கெட் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 75,604. ஆனால் அமெரிக்கத் தொழில் வரலாற்றில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. சாமுவேல் ஸ்லேட்டர் 1793-இல் இங்கே, பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் நிறுவிய பஞ்சாலையைத்தான் அந்நாட்டுத் தொழிற்புரட்சியின் பிறப்பிடமாகக் கருதுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கு மாநிலங்களுக்கு நகர்ந்தன. வேலை போனது, ஆலைக் கட்டடங்கள் மட்டும் நின்றன. ஆகவே ஊரை விட்டு ஒன்று போவது பாட்டக்கெட்டுக்குப் பழகிய வலிதான்.

மெக்காய் மைதானம் அந்தச் சரிவின் நடுவே கட்டப்பட்டது. பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை தர ரூஸ்வெல்ட் அரசு நடத்திய பொதுப்பணித் திட்டத்தின் கீழ், ஹாமண்ட் குளம் என்று அழைக்கப்பட்ட சதுப்பு நிலத்தில் அதை எழுப்பினார்கள். நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த மேயர் தாமஸ் மெக்காயின் பிடிவாதம் அது. கொட்டக் கொட்ட மண்ணை விழுங்கியது அந்த நிலம். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியபோது எதிரிகள் அதை மெக்காயின் வீண்பிடிவாதம் என்று ஏசினார்கள். மைதானம் 1942-இல் திறக்கப்பட்டது. மெக்காய் 1945-இல் இறந்தார். அடுத்த ஆண்டு மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

தொடக்க காலத்தில் அங்கே எந்த அணியும் நிலைக்கவில்லை. பாட்டக்கெட் ஸ்லேட்டர்ஸ் 1946 முதல் 1949 வரை ஆடியது. லீகே கலைந்ததும் அதுவும் போயிற்று. கிளீவ்லண்டின் துணை அணி ஒன்று 1966, 1967 என்று இரண்டே பருவம் ஆடியது. 1970-இல்தான், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஆடும் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டபுள்-ஏ அணி, அதாவது இரண்டு படி கீழே உள்ள துணை அணி, வந்தது. 1973-இல் அதற்குப் பதிலாக, மேஜர் லீகுக்கு ஒரு படி மட்டுமே கீழே உள்ள டிரிபிள்-ஏ அணி வந்து அதே ஆண்டு இன்டர்நேஷனல் லீக் கோப்பையையும் வென்றது.

மேஜர் லீகுக்குக் கீழே உள்ள இத்தகைய மைனர் லீக் அணியின் பொருளாதாரத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் அதுவே அடிப்படை. வீரர்களும் பயிற்சியாளர்களும் மேஜர் லீக் அணியின் ஆட்கள். சம்பளம் தருவதும் அதுதான். யார் எங்கே ஆட வேண்டும், யாரை எப்போது மேலே அழைக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கும். உள்ளூர் உரிமையாளர் கையில் இருப்பது டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை, தொப்பி, சட்டை விற்பனை ஆகியவை. மைதானம் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. அணி வாடகைக்கு ஆடும். ஆக, ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது உரிமையாளர் கையில் இல்லை. மக்கள் மாலைப்பொழுதை மகிழ்ச்சியாகக் கழித்துவிட்டு மறுபடியும் வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை. இடம் பெயர்வதைத் தடுக்கும் கட்டும் மிகக் குறைவு: மைதானக் குத்தகை, லீகின் அனுமதி, தாய் அணியோடு உள்ள ஒப்பந்தம். இவை தீர்ந்தால் அணி மூட்டை கட்டலாம்.

1976 வாக்கில் பாட்டக்கெட் அணி அந்த நிலைக்கே வந்துவிட்டது. கடன் தலைக்கு மேல் போயிருந்தது. அந்த ஒரு பருவத்துக்கு மாநிலப் பெயரில் 'ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்' என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. உரிமம் வேறொருவர் கைக்குப் போய், அவராலும் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் லீக் அதைத் திரும்பப் பெற்றது. 1977 பருவம் தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது அணிக்கு உரிமையாளர் இல்லை.

பென் மாண்டோர்

கியூபெக்கில் பிறந்து, பிளாக்ஸ்டோன் ஆற்றின் மற்றோர் ஆலை ஊரான வூன்சாக்கெட்டில் வளர்ந்தவர் பென் மாண்டோர். ஜவுளி ஆலைத் தொழிலில் பணம் சேர்த்து, ஐம்பது வயதுக்குள் ஓய்வுக்குப் போனவர். முன்னாள் மேஜர் லீக் பிட்சரும் (பந்து எறிபவர்) அப்போது உள்ளூர் வங்கி அதிகாரியுமான செட் நிக்கல்ஸ் அவரை அணியை எடுத்துக்கொள்ள இசைய வைத்தார். நிர்வாகத்தைக் கவனிக்கும் பொது மேலாளராக இளைஞர் மைக் தம்பரோ வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லூ ஷ்வெக்ஹைமர் சேர்ந்தார். இந்த மூவர் அணி மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கலையவில்லை. இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

முதல் பருவத்தில் அணி புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்தும், மொத்தமாக வந்த கூட்டம் சுமார் 70,000 பேர்தான். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் அளவில். மைதானம் அழுக்கடைந்து, குடும்பங்கள் வர அஞ்சும் இடமாக இருந்தது. மாண்டோர் செய்தவை பெரிய தந்திரங்கள் அல்ல. கழிப்பறைகளைச் சுத்தம் செய்தார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களை வெளியேற்றினார். டிக்கெட் விலையைத் தாழ்வாகவே வைத்தார். கார் நிறுத்தக் கட்டணம் வாங்கவில்லை. ஆட்டத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றார். ஆலைத் தொழிலாளி தன் மூன்று பிள்ளைகளோடு வந்து ஆளுக்கொரு ஹாட் டாக் வாங்கிக் கொடுத்து வீடு திரும்பக்கூடிய இடமாக மெக்காயை மாற்றினார். 2005-இல் ஒரே பருவத்தில் வந்த கூட்டம் 6,88,421. ஊர் மக்கள்தொகையைப் போல ஒன்பது மடங்கு.

மெக்காய்க்கே உரிய ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. அந்த மைதானத்தில் வீரர்கள் அமரும் டக்அவுட், பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே தரை மட்டத்தில் இருந்தது. மற்ற மைதானங்களைப் போல வேலியோரம் நின்று கையெழுத்து வாங்க வழியில்லை. எனவே சிறுவர்கள் காலிப் பால் கேனின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தையும் பேனாவையும் வைத்து, கயிறு கட்டி முன்வரிசையிலிருந்து கீழே இறக்குவார்கள். டக்அவுட் வாயிலில் கேன்கள் வரிசையாகத் தொங்கும். வீரர் ஒருவர் பந்தை எடுத்துக் கையெழுத்திட்டுத் திரும்ப வைத்துக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார், மேலே இழுப்பார்கள். யார் கையெழுத்திட்டார் என்பதே பல சமயம் பந்து மேலே வந்த பிறகுதான் தெரியும். இதற்கு ஊரில் 'மீன் பிடித்தல்' என்றே பெயர். கட்டட அமைப்பின் குறையிலிருந்து பிறந்த விளையாட்டு அது. 1999-இல் மைதானத்தைப் புதுப்பித்தபோதும் இதை விட்டுவிடவில்லை.

அந்தக் கயிறுகளின் மறுமுனையில் நின்றவர்களின் பட்டியல் நீளமானது. ஜிம் ரைஸ், வேட் பாக்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், மோ வான், நோமர் கார்சியபாரா, ஜான் லெஸ்டர், டஸ்டின் பெட்ரோயா, மூக்கி பெட்ஸ் என்று பாஸ்டனின் புகழ்பெற்ற பெயர்கள் பலவும் பாட்டக்கெட்டைத் தாண்டித்தான் போயின. அவர்கள் பிரபலமாகும் முன்பே பார்த்தோம் என்ற பெருமை அந்த ஊருக்கு உண்டு. 1982 ஜூலை 1 அன்று, காயத்தால் வீழ்ந்திருந்த முன்னாள் நட்சத்திரம் மார்க் ஃபிட்ரிச் மெக்காயில் பந்து எறிய வந்தபோது ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். மேலே போகிறவர்களையும் கீழே வந்தவர்களையும் ஒரே மாதிரி கைதட்டி வரவேற்ற மைதானம் அது.

முப்பத்து மூன்று இன்னிங்ஸ்

இந்த அணியின் பெயர் உலகுக்குத் தெரிந்தது ஓர் ஆட்டத்தால். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. எதிரணி ரோசெஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குக் கோளாறால் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பார்வையாளர்கள் 1,740 பேர். கிரிக்கெட் டெஸ்ட் போலச் சமநிலையில் முடித்துக்கொள்ளும் வழக்கம் பேஸ்பாலில் இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால், வரும் வரை ஆட வேண்டும்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசியில் பாட்டக்கெட் ஒரு ரன் எடுத்து 1-1 என்று சமன் செய்தது. பிறகு இரவெல்லாம் எதுவும் நகரவில்லை. 21-ஆவது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது; வேட் பாக்ஸ் அடித்த அடியில் பாட்டக்கெட்டும் ஒன்று எடுத்து மறுபடி சமன் செய்தது. தன் அணியினர் தன்னைக் கட்டிப்பிடிக்க நினைத்தார்களா, குத்த நினைத்தார்களா என்று தெரியவில்லை என்று பாக்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எதிர்க்காற்று பலமாக அடித்தது. பாட்டக்கெட்டின் சாம் போவென் அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, காற்று அதைத் திருப்பிக் களத்துக்குள் தள்ளியது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளை எண்ணெய் டிரம்மில் போட்டுக் கொளுத்திக் கைகாய்ந்தார்கள். நடுவருடன் வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்ட, களத்தில் பாட்டக்கெட் அணியை வழிநடத்திய ஜோ மோர்கன், பின்புறச் சுவரில் இருந்த ஓட்டை வழியே ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தார். ரோசெஸ்டரின் டேவ் ஹப்பர்ட் முழங்கால் மடித்து 31 இன்னிங்ஸ், மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக உட்கார்ந்திருந்தார்.

நள்ளிரவு 12:50-க்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற லீக் விதி, அந்த ஆண்டு நடுவர்களுக்குத் தந்த கையேட்டில் விடுபட்டுப்போயிருந்தது. கையேட்டில் இல்லாததை நடுவர்கள் ஏற்கவில்லை. தம்பரோ லீக் தலைவர் ஹரால்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடிக்க இரவெல்லாம் முயன்றார். அவர் கிடைத்து, நடக்கும் இன்னிங்ஸோடு நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்து, ஆட்டம் நின்றபோது மணி அதிகாலை 4:07. முப்பத்திரண்டு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, 2-2. இருக்கைகளில் மிச்சமிருந்தவர்கள் 19 பேர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் அணி நிர்வாகம் இலவச நுழைவுச்சீட்டு தந்தது.

ஜூன் 23-இல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது மேஜர் லீக் வேலைநிறுத்தத்தில் இருந்தது. நாட்டின் பேஸ்பால் நிருபர்களுக்கு எழுத வேறு ஆட்டம் இல்லை. எல்லோரும் பாட்டக்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். 18 நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்தார். மொத்தம் 33 இன்னிங்ஸ், 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. அன்று ரோசெஸ்டருக்கு மூன்றாம் பேஸில் நின்ற கால் ரிப்கன், பாட்டக்கெட்டின் பாக்ஸ் இருவரும் பின்னாளில் பேஸ்பால் புகழ் மண்டபம் வரை போனார்கள். ஆட்டத்தை முடித்துவைத்த கோசா மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ரோசெஸ்டர் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனை

மாண்டோர் 2010 அக்டோபரில் தமது 85-ஆவது வயதில் காலமானார். அணி அவர் மனைவி மேடலினிடம் வந்தது. தம்பரோவும் ஷ்வெக்ஹைமரும் தொடர்ந்து நடத்தினார்கள். 2012-இலும் 2014-இலும் அணி லீக் கோப்பையை வென்றது. ஆனால் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது, மைதானமும் மூப்படைந்துகொண்டிருந்தது. 2015 பிப்ரவரியில் அணி விற்கப்பட்ட செய்தி வெளியானது. வாங்கிய குழுவின் தலைமையில் இருவர்: பிராவிடன்ஸ் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன், அப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லுக்கினோ. லுக்கினோ பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ், சான் டியேகோவின் பெட்கோ பார்க் ஆகிய மைதானங்கள் உருவாகக் காரணமானவர். ஊர் மையத்தில் அழகான மைதானம் கட்டி அதைச் சுற்றி வணிகம் வளர்ப்பது அவர் கைவந்த கலை.

புதிய உரிமையாளர்கள் அணியைப் பாட்டக்கெட்டிலிருந்து பிராவிடன்ஸ் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகப் போவதாக உடனே சொல்லிவிட்டார்கள். 8.5 கோடி டாலர் மைதானத்தைத் தாங்களே கட்டுவோம். மாநிலம் 30 ஆண்டுகளுக்குக் குத்தகைப் பணமாக மொத்தம் 12 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். காரணம் பணம் மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன்புதான் மாநிலம் இதே போன்ற ஆசையில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ரெட் சாக்ஸின் முன்னாள் பிட்சர் கர்ட் ஷில்லிங் தொடங்கிய '38 ஸ்டூடியோஸ்' என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு 2010-இல் 7.5 கோடி டாலர் கடனுக்கு மாநிலம் உத்தரவாதம் அளித்தது. 2012-இல் நிறுவனம் திவாலானது. கடன் வரிகட்டுவோர் தலையில் விழுந்தது. அதன் பிறகு 'உத்தரவாதம்' என்ற சொல்லைக் கேட்டாலே ரோட் ஐலண்ட் சட்டமன்ற உறுப்பினர்கள் பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2015 மே மாதம் ஸ்கெஃபிங்டன் மெல்லோட்டத்தின்போது மாரடைத்து இறந்தார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் பிராவிடன்ஸ் திட்டமும் கைவிடப்பட்டது. பாட்டக்கெட்டின் பக்கம் அணி திரும்பியபோது மனக்கசப்பு மிஞ்சியிருந்தது. தன்னை விட்டுப் போகப் பார்த்தவர்களோடு ஒரு நகரம் மறுபடி பேச வேண்டியிருந்தது. நகரம் பேசியது. 2017-இல் பாட்டக்கெட் நகர மையத்தில் 8.3 கோடி டாலர் செலவில் புதிய மைதானம் என்ற திட்டம் உருவானது: அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. உரிமையாளர் பாதிக்கு மேல் போடும் திட்டம் மைனர் லீகில் அடிக்கடி வருவதல்ல. 2018 ஜனவரியில் மாநில மேலவை அதை நிறைவேற்றியது.

கீழவையில் சபாநாயகர் நிக்கோலஸ் மட்டியெல்லோ அசையவில்லை. தம் தொகுதி மக்கள் இதை விரும்பவில்லை என்றார். ஜூன் மாதம் கீழவை நிறைவேற்றிய மசோதா வேறு வடிவம் எடுத்திருந்தது. கடன் பத்திரங்களுக்கு மாநில உத்தரவாதம் நீக்கப்பட்டது. மைதானம் சார்ந்த வருவாயிலிருந்து மட்டுமே கடனை அடைக்க வேண்டும். வரிகட்டுவோருக்கு ஆபத்து குறைந்தது. முதலீட்டாளருக்கு ஆபத்து கூடியதால் வட்டியும் கூடும், செலவும் கூடும். ஆளுநர் ஜீனா ரைமாண்டோ ஜூன் இறுதியில் கையெழுத்திட்டார். ஏழு வாரத்தில் அணி வூஸ்டரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

வூஸ்டர் அந்த மூன்று ஆண்டுகளும் சும்மா இருக்கவில்லை. ரோட் ஐலண்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே நகர மேலாளர் எட்வர்ட் அகஸ்டஸ் அணியோடு பேசிக்கொண்டிருந்தார். வூஸ்டர் நியூ இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம். மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கு மேல். கடனை நகரமே தன் பெயரில் எடுத்தது. மைதானத்தைச் சுற்றி எழும் குடியிருப்பு, கடைகள், அலுவலகங்கள் தரும் வரியில் அதை அடைப்பதாகத் திட்டம். மாசசூசெட்ஸ் மாநில அரசு பக்கத்துச் சாலைச் சந்திப்பைச் சீரமைக்க முன்வந்தது. பாட்டக்கெட்டில் அரசியல்வாதிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது, வூஸ்டரில் மேயர், நகர மேலாளர், நகர மன்றம் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். பேரத்தில் அதுவே பாதி வெற்றி.

விலையும் பெரிது. ஒன்பது கோடி டாலர் என்று தொடங்கிய போலார் பார்க் மைதானத்தின் செலவு பதினாறு கோடியை ஒட்டிப் போய் நின்றது. 2021 மே மாதம் திறக்கப்பட்ட அந்த மைதானம் அழகானது; உள்ளூர் குளிர்பான நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. புன்னகை முகச் சின்னத்தை 1963-இல் வரைந்த ஹார்வி பால் வூஸ்டர்க்காரர் என்பதால், அணியின் குறும்பொம்மைக்கும் அந்த முகமே. மைதானங்களால் நகரத்துக்கு வரும் புது வருவாய் போட்ட பொதுப்பணத்தை ஈடுசெய்வதில்லை என்பது விளையாட்டுப் பொருளியல் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் நெடுநாளாகச் சொல்லிவருவது. வூஸ்டர் கணக்கு எப்படி முடியும் என்பது கடன் தீரும்போதுதான் தெரியும்.

பாட்டக்கெட்டுக்கு ஒழுங்கான விடைபெறல்கூட வாய்க்கவில்லை. குத்தகைப்படி 2020 பருவம் கடைசியாக இருந்திருக்க வேண்டும். கொரோனாவால் மைனர் லீக் முழுவதும் ரத்தானது. கடைசி ஆட்டம் 2019-இலேயே முடிந்துவிட்டது. 2020 கோடையில் அணி நிர்வாகம் களத்தின் மீது மேசைகள் போட்டு இரவு உணவு பரிமாறியது. ஆட்டம் இல்லாவிட்டாலும் இரண்டாம் பேஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மக்கள் முந்திக்கொண்டு இடம் பதிந்தார்கள். ஊருக்கும் அந்தப் புல்தரைக்கும் இருந்த உறவுக்கு இதைவிட நேரடிச் சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கே கோட்டை விட்டார்கள்

பாட்டக்கெட்டில் இன்றும் விரல் மட்டியெல்லோவை நோக்கி நீள்கிறது, அல்லது லுக்கினோவை நோக்கி. இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2018-இல் மாநிலத்திடம் இருந்தவை இரண்டே வழிகள்: கேட்ட பணத்தைக் கொடுப்பது, அல்லது அணியை விடுவது. இவ்வளவு குறுகிய நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் ஆராய வேண்டியது.

ரோசெஸ்டருக்கு இப்போது வருவோம். 1956 இறுதியில் அந்த அணியைத் தாய் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கைகழுவ முடிவு செய்தது. உள்ளூர் வணிகர் மோரி சில்வர் பங்குகள் விற்று ஊராரிடம் பணம் திரட்டினார். 1957-இல் 8,222 பேர் பங்குதாரர்களாகி அணியை வாங்கினார்கள். அவர்களுக்கு லாபம் வந்ததில்லை, அதற்காக வாங்கவும் இல்லை. அந்த அணிக்கும் இருண்ட காலங்கள் இருந்தன. தாய் அணியும் பலமுறை மாறியது. ஆனால் அந்த நீண்ட இரவில் மெக்காயில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிகளில், இன்றும் சொந்த ஊரில் ஆடுவது ரோசெஸ்டர்தான். டொலிடோவின் மட் ஹென்ஸ், கொலம்பஸின் கிளிப்பர்ஸ் ஆகியவற்றிலும் உரிமை மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அவையும் ஊர் மாறவில்லை.

பாட்டக்கெட்டில் உரிமை ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் நல்லவராக இருந்ததுதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். அவர் அணியை விற்க மாட்டார், இடம் மாற்ற மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே யாரும் எழுத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வேளை வந்தது. 1998-99-இல் மெக்காய் 1.6 கோடி டாலர் செலவில், பெரும்பாலும் பொதுப்பணத்தில், பத்தாயிரம் இருக்கைகளாக விரிவானது. அன்று அணிக்குப் பணம் தேவைப்பட்டது, மாண்டோருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது, கூட்டம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பணத்துக்கு ஈடாக அணியில் ஒரு பங்கு, அல்லது விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை ஊருக்கு என்று மாநிலம் கேட்டிருந்தால், மறுப்பதற்கு மாண்டோர் போன்ற மனிதருக்குக் காரணம் இருந்திருக்காது. 2015-இல் அணி கைமாறியபோது பாட்டக்கெட் நகரத்துக்கு மேசையில் இடமே இல்லை. செய்தி வந்த அன்றே அணி போகும் திட்டமும் சேர்ந்து வந்தது.

பொது உரிமை சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரோசெஸ்டரின் பக்கத்து நகரமான சிரக்யூஸிலும் அணி ஊர்ப் பங்குதாரர்களிடம் இருந்தது. கூட்டம் குறைந்து கணக்கு தள்ளாடியபோது அவர்களே வாக்களித்து நியூயார்க் மெட்ஸ் அணிக்கு விற்றார்கள். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். பாட்டக்கெட் மக்களுக்கு வாக்களிக்க எதுவும் இருக்கவில்லை.

அணி போவதாக அறிவித்த 2018-இன் தொடக்கத்தில் ஊரின் மெமோரியல் மருத்துவமனையும் மூடப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கேயே தலைமையகம் கொண்டிருக்கும் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, பாஸ்டனுக்கு மாறுவதாக 2025-இல் அறிவித்தது. மெக்காய் மைதானத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒருங்கிணைந்த உயர்நிலைப் பள்ளி கட்ட 2022 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்தார்கள்; 33 கோடி டாலர் கடன் திட்டம் அது. இடிப்பு 2025-இல் தொடங்கியது. பொதுநிலம் பொதுப் பயனுக்கே திரும்பியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆற்றங்கரையில் இப்போது கால்பந்து மைதானம் ஒன்று நிற்கிறது. ரோட் ஐலண்ட் எஃப்சி அணிக்காக 2025 மே மாதம் திறக்கப்பட்டது; பத்தாயிரம் பேருக்குமேல் உட்காரலாம். அதற்காக எழுப்பிய கடனுக்கு மாநிலம் முப்பது ஆண்டுகளில் வட்டியோடு ஏறத்தாழ 13.2 கோடி டாலர் கட்டப்போகிறது. பேஸ்பாலுக்குத் தர மறுத்த 2.3 கோடியோடு இதை ஒப்பிட்டு ஊரில் பலர் ஆதங்கப்படுகிறார்கள். அந்த ஆதங்கத்தைவிட அவசரமானது வேறொன்று: அந்தக் கால்பந்து அணி நாளை கைமாறினால், முதலில் வாங்கும் உரிமை நகரத்துக்கு உண்டா? நகர மன்ற உறுப்பினர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். இல்லை என்றால், அணி இன்னும் இளமையாக, ஊரை நம்பி இருக்கும் இப்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.